சோஃபாவில் மாண்ட மன்னன் துயிலொடு பொருத கதை

வாழ்க பீப்பாய்.

வாழ்க அந்த அடிக்குரல் வேந்தன். முரசும் கொம்பும் குழலும் ஒருங்கே ஆர்ப்பரித்தாலும் அவற்றுக்கெல்லாம் கீழே கடலடிப் பாறைபோல் அசையாது கிடந்து பாட்டைத் தாங்கும் பெருந்தொண்டையன். இருபத்தோராண்டு இசைமேடை வாழ்வில் வாளால் பதினேழு முறையும், நஞ்சால் ஒன்பது முறையும், மாடிப்படியில் உருண்டு இருமுறையும் மாண்டு, மாண்டபின் ஒவ்வொரு முறையும் எழுந்து சென்று தேநீர் அருந்திய மாவீரன். அகன்ற மார்பும் அதனினும் அகன்ற வயிறும் உடைமையால் குழுவினர் சூட்டிய பீப்பாய் என்னும் பட்டப்பெயரை மணிமுடிபோல் தாங்கிய பெருந்தகை. அன்னவன் ஒரு பிற்பகலில், பகை கண்ணுக்குப் புலனாகாதிருக்க, படைக்கலம் ஒன்றும் கையில் இல்லாதிருக்க, நானூறு பேர் இமை கொட்டாது நோக்கியிருக்க, சுண்டுவிரலையும் அசைக்கலாகாது என்னும் விதிக்கு உட்பட்டு, இருபத்திரண்டு நிமிடம் உறக்கத்தோடு பொருத போரை, நடந்தது நடந்தபடி, முன்னது பின்னாகாமல் உரைப்பது இக்கதை.

கொட்டாவியைத் தூதனாகவும் கனவைக் கொடியாகவும் உடைய துயிலே, உன்னையும் முதற்கண் வணங்கிவிடுவது முறை. பகைவன் என்பதற்காக மரியாதையைக் குறைப்பானேன்? முடிசூடிய தலையும் மூட்டை சுமந்த தலையும் உன் முன்னிலையில் ஒரே கோணத்தில்தான் சாய்கின்றன. இதைப் படிப்பவர் கண்களை மட்டும் கடைசி வரிவரை எங்களிடமே விட்டுவை.

நிற்க. போர் மூண்ட காரணத்தைச் சொல்லியாக வேண்டும்.

இருநூறு ஆண்டுப் பழமையுடைய ஓபரா என்னும் இசைநாடகம் ஒன்று அந்தக் குழுவுக்கு உண்டு. அதன் கதை சிறிது. தீவரசன் ஒருவன் தன் தம்பியின் வேல் தைத்து அரண்மனைப் படிகளில் வீழ்கிறான். வீரர் நால்வர் அவனைக் கேடயத்தில் கிடத்தி, துக்கப்பாட்டின் நான்காம் அடி முடியுமுன் உள்ளே தூக்கிப் போகிறார்கள். அரசியோ, அவன் விட்டுச்சென்ற வெற்றுத் தலைக்கவசத்தை நோக்கி இருபத்திரண்டு நிமிடம் பாடி அழுது, முடிவில் கடலில் இறங்குகிறாள். தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் பாடினார்கள், இப்படித்தான் அழுதார்கள். ஆனால் பார்க்க வருகிறவர்களின் தலைகள் ஆண்டுக்காண்டு வெளுத்து, பின்பு எண்ணிக்கையிலும் குறைந்து, அரசியின் துக்கத்தைக் காட்டிலும் அரங்கத்தின் இருமல் பெரிதாகக் கேட்கத் தொடங்கியபோது, இந்தக் காலத்து மக்களுக்கேற்ப இதை மறுவார்ப்புச் செய்யுங்கள் என்று ஓர் இயக்குநனை அழைத்து வந்தார்கள்.

அவனோ, எதையும் ஏன் என்று கேட்டு, பதில் வருமுன் அதை மாற்றிவிடும் விரைவினன். அவன் கைபட்டதும் தீவு மறைந்து, பன்னிரண்டாம் மாடி வீடொன்று தோன்றியது. அரசன் கட்டட நிறுவன முதலாளியானான். பூக்கூடை ஏந்திய தோழியர் எண்மரும் பார்சல் கொண்டுவந்து கையெழுத்து வாங்கிப் போகிறவர்களாயினர். கடல் பால்கனியாயிற்று. வேல் போய்க் கைப்பேசிச் செய்தி வந்தது. தம்பி அனுப்பிய அந்த ஒற்றை வரியைப் படித்த மாத்திரத்தில் அரசன் மார்பைப் பற்றிக்கொண்டு சாய்வான். அரசன் வருகையை அறிவிக்கும் கொம்பொலி அழைப்புமணியாகச் சுருங்கிற்று. "இருபது வருஷம் கொம்பு ஊதினவன்யா நானு," என்று கொம்புக்காரர் தேநீர் வேளையில் முறையிட்டார். "இப்ப ஒருத்தன் விரலை வச்சு அமுக்குறான், டிங் டாங்குது. என் வேலை முடிஞ்சு போச்சு."

இத்தனையும் பொறுக்கப்பட்டன. ஆயினும் ஒருநாள் இயக்குநன் ஒத்திகைக் கூடத்தில் நாற்காலிமீது ஏறி நின்று, இரு கைகளையும் விரித்து, இவ்வாறு முழங்கினான்:

"வெற்றுத் தலைக்கவசத்தைப் பார்த்து அழுத காலம் முடிந்தது. இன்றைய பார்வையாளர் பொய்யைப் பொறுக்கார். மரணத்தைக் கேடயத்தில் வைத்துக் கடத்திச் செல்ல இனி எவனுக்கும் உரிமையில்லை. உடல் வேண்டும். பாட்டின் கடைசிச் சுரம் அடங்கும்வரை அந்த உடல் அவர்கள் கண்முன் கிடக்க வேண்டும். கடைசி நான்கு அடிக்கு முன் வழக்கமான முரசொலி வேண்டாம். இருபது நொடி மௌனம் வேண்டும். அந்த மௌனத்தில் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும்."

உடலுக்கு உரிமையாளனான பீப்பாய் மெல்லக் கையைத் தூக்கினான்.

"முழு இருபத்திரண்டு நிமிஷமுமா தம்பி?"

"முழுசும் சார்."

"நடுவுல எங்கயாச்சும் லைட்டை அணைச்சீங்கன்னா, நான் மெதுவா எழுந்து..."

"செத்தவங்க எழுந்து போக மாட்டாங்க சார்."

வேந்தன் தலை தாழ்த்தினான்.

இதில் அவன் உள்ளம் கலங்கியதற்குக் காரணம் உண்டு. வீரன் ஒவ்வொருவனுக்கும் உடம்பில் ஓரிடம் வலுவற்றது என்பார்கள். பீப்பாய்க்கு அது இமை. மல்லாந்து கிடத்தினால் போதும், அவன் உறங்குவான். பல் மருத்துவரின் நாற்காலியில், வாய் திறந்தபடி, துளைக்கருவி முழங்கிக்கொண்டிருக்கையிலேயே உறங்கி, பாவம் அந்த மருத்துவரை நாடி பிடித்துப் பார்க்கும்படி செய்தவன் அவன். அது வெறும் உறக்கமும் அன்று. மேடையில் எந்தத் தொண்டை பாட்டைத் தாங்கியதோ அதே தொண்டை உறக்கத்தில் குறட்டையைத் தாங்கியது. மேல்வீட்டார் தண்ணீர்க் குழாயில் ஏதோ கோளாறு என்று இருமுறை ஆள் அழைத்துவந்து பார்த்திருக்கிறார்கள்.

அவன் ஒருவன் மானம் மட்டும் போவதாயிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பான். ஆனால் துக்கப்பாட்டுப் பாட வேண்டியவள் அவன் மனைவி.

பன்னிரண்டு ஆண்டுகளாகக் கூட்டுப்பாடகியர் வரிசையில், இரண்டாம் வரிசையின் இடது ஓரத்தில் நின்றவள் அவள். அரசி வேடமேற்ற தலைமைப் பாடகியர் மூவரின் பாட்டுகளையும் மனப்பாடம் செய்து, அவர்களுக்குத் தொண்டை கட்டினால் பாடுவதற்கென்று காத்திருந்தாள். அவர்கள் தொண்டைகளோ இரும்பால் ஆனவை. கடைசியில், மறுவார்ப்பின் முதல் ஆட்டத்துக்கு முந்தைய நாள் தலைமைப் பாடகிக்குக் குரல் அடைத்தது. பத்து நாள் வாயே திறக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். குழுவின் நிர்வாகியம்மா, முகம் சிவக்கவும் மாட்டார், மலரவும் மாட்டார், அவர் சுருக்கமாகச் சொன்னார்: "நாளைக்கு மத்தியான ஆட்டம் நீங்க பாடுங்க. நான் மூணாவது வரிசையில உட்கார்ந்து பாக்குறேன். சரியா வந்துச்சுன்னா மிச்ச ஆறு ஆட்டமும் நீங்கதான். இல்லைன்னா வெளியூர்லேருந்து ஒருத்தங்களை வரச் சொல்லியிருக்கு." அந்த ஒருத்தங்களின் தொலைபேசி எண் அவர் கைப்பையில் மடித்த தாளில் இருந்ததை எல்லோரும் அறிவர்.

ஆகவே அரசியின் துக்கத்தினிடையே அரசன் குறட்டைவிட்டால், பன்னிரண்டாண்டுக் காத்திருப்பு ஒரே மூச்சில் போய்விடும். அந்த மூச்சு அவனுடையதாயிருக்கும்.

இதற்கிடையே துயில் வேறு தன் படையை முன்கூட்டியே நகர்த்தத் தொடங்கியிருந்தது. ஆட்டத்தன்று விடிகாலை நான்கு மணிக்கே அரசிக்கு விழிப்புக் கண்டது. துக்கப்பாட்டின் முடிவில் வானத்தைத் தொடவேண்டிய உச்ச சுரம் ஒன்று உண்டு; அது மூன்று முறை முயன்று மூன்று முறையும் உடைந்தது. அவள் சமையலறை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். வேந்தன் எழுந்து வந்தான். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தான். பாத்திர மூடி ஒன்றைக் கவிழ்த்து அதில் தாளம் தட்டினான். விடியும்வரை தட்டினான். நான்காம் முறை சுரம் உடையவில்லை. ஐந்தாம் முறை உடைந்தது. "ஒண்ணு விட்டு ஒண்ணு வருது," என்றான் அவன். "அங்க ஒரு தடவைதானே பாடப் போறே." அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு அவன் கொடுத்தது மூன்று மணி நேரத் தூக்கம்.

இனி, போர்க்களத்தின் இயல்பு.

ஒத்திகை முழுவதும் அவன் செத்துக் கிடந்தது மூன்று மர நாற்காலிகளை வரிசையாக இணைத்த மேடையில். அவற்றில் நடுவிலிருந்தது ஒரு கால் குட்டை. மூச்சு விட்டால் ஆடும்; முதுகெலும்பில் ஓர் ஆணித்தலை வந்து நலம் விசாரிக்கும். ஆகையால் ஒத்திகை நாள் எதிலும் அவன் கண்ணயர்ந்ததில்லை. தானே துயிலை வென்றுவிட்டதாகவும் எண்ணியிருந்தான். மேடைக்குரிய மெய்யான சோஃபா, கடையொன்றிலிருந்து இரவலாக, ஆட்டத்தன்று பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் வந்து இறங்கியது. நாடகக் குழுக்களில் இது வழக்கம். வாளும் முடியும் கட்டிலும் கடைசி நாள்தான் வரும். அதுவரை குடையும் துண்டும் பெஞ்சும் அவற்றுக்காக நடிக்கும்.

அந்த சோஃபாவை எங்ஙனம் வருணிப்பது? எட்டடி நீளம், மழை பெய்து ஓய்ந்த மேகத்தின் நிறம், உட்கார்ந்தவனை மறுக்காமல் வாங்கி, வாங்கியவனைத் திருப்பித் தராத ஆழம், தலைமாட்டில் வாத்தின் வயிற்றையொத்த திண்டு ஒன்று, கால்மாட்டில் அதன் தங்கை. வேந்தன் அதன்மீது உள்ளங்கையை ஒருமுறை வைத்துப் பார்த்தான். கை உள்ளே போயிற்று. முகம் வெளுத்துவிட்டது.

ஒப்பனை அறையில் கண்ணாடிக்கு முன் கணவனும் மனைவியும் அடுத்தடுத்து அமர்ந்திருக்க, ஒப்பனைக்காரப் பெண் அவன் கன்னத்தில் மரண வெளுப்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"தூங்கிடாதீங்க," என்றாள் அரசி, கண்ணாடியைப் பார்த்தபடியே.

"செத்தவன் எங்கயாச்சும் தூங்குவானா?"

"மத்தியானம் எவ்வளவு சாப்பிட்டீங்க?"

"கொஞ்சம்தான்."

"ரெண்டாவது தடவையும் தட்டை நீட்டுனாரு அக்கா," என்றாள் ஒப்பனைக்காரப் பெண், பஞ்சை நனைத்தவாறே. "நான் அந்தப் பக்கம்தான் நின்னேன்."

"நீ என் கன்னத்தைப் பாரும்மா," என்றான் வேந்தன்.

அரசி எழுந்து வந்து, அவன் இடது காலிலிருந்த செருப்பைக் கழற்றி, முதலாளி வேடத்துக்கென்று வாங்கியிருந்த புதுச் சப்பாத்தை மாட்டி, நாடாவை இழுத்து இறுக்கினாள். அது அவனுக்கு அரை அளவு சிறியது. "கடிக்குதா?" என்றாள். கடிப்பதாகச் சொன்னான். "நல்லது," என்று இன்னும் ஒரு முடிச்சுப் போட்டாள். தன் வீரனைப் போருக்கு அனுப்புகிறவள் வாள் எடுத்துக் கொடுக்கிறாள். இவள் சப்பாத்து மாட்டிவிட்டாள்.

பிற்பகல் மூன்று மணி முப்பத்தைந்து நிமிடம். தம்பியின் செய்தி வந்தது. வேந்தன் படித்தான், மார்பைப் பற்றினான், அரங்கத்தின் கடைசி வரிசை நாற்காலிகள் அதிரும் அடிக்குரலில் ஒரே ஒரு சொல் பாடினான், பெருமரம் வேரோடு சாய்வதுபோல் சாய்ந்து சோஃபாவில் விழுந்தான். சோஃபா அவனை ஆவலோடு வாங்கிக்கொண்டது. விளக்குகள் நீலமாயின. குளிர்காற்றுப் பெட்டி நெற்றியைத் தடவிக் கொடுத்தது. அரசி பாடத் தொடங்கினாள். போர் தொடங்கியது.

முதல் மூன்று நிமிடங்கள் வேந்தன் பக்கமே இருந்தன. சப்பாத்து நாய்போல் விசுவாசமாகக் கடித்தது. அவன் மூச்சைச் சிறிது சிறிதாகத் திருடி, திருடியதைச் சிறிது சிறிதாகவே திருப்பிக் கொடுத்து, கல்லென்று கிடந்தான்.

நான்காம் நிமிடத்தில் துயில் தன் தூதனாகிய கொட்டாவியை அனுப்பியது. உயிரோடிருப்பவனுக்குக் கொட்டாவி ஒரு பொருட்டன்று. வாயைத் திறந்தால் வழி விட்டாயிற்று. பிணத்துக்கு அந்த வாசல் இல்லை. தாடைகளைக் கோட்டைக் கதவாக அடைத்து, பற்களைத் தாழ்ப்பாளாகப் போட்டு, உள்ளே புரண்டெழுந்த அந்தப் பெருவெள்ளத்தை வேந்தன் எதிர்கொண்டான். வாய் மறுக்கப்பட்ட வெள்ளம் மூக்கை நாடியது; மூக்கும் மறுக்கப்படவே காதுகளில் புகுந்து இரைந்தது; அங்கும் இடமின்றிக் கண்வழியே கசிந்தது. மூடிய இமையின் ஓரத்தில் ஒரு துளி திரண்டு, மரண வெளுப்பில் கோடு கிழித்துக்கொண்டு காதுவரை ஓடியது.

செத்தவன் அழுதான். முன்வரிசையில் ஒரு மூதாட்டி கைக்குட்டையைத் தேடினாள். அரசி பாட்டை விடாமல் குனிந்து, தன் சால்வை நுனியால் அதைத் துடைத்தாள்; துடைக்கும் சாக்கில் கன்னத்தை நிமிண்டியதை மேடைக்கு மிக அருகில் இருந்த பெருநரம்புக் கருவிக்காரர் மட்டும் கண்டார். ஆள் உயரம் நின்று அடிநாதம் எழுப்பும் கருவி அது. அதன் பின்னால் நின்று சிரித்துக்கொள்ள வசதி உண்டு.

எட்டாம் நிமிடத்தில் குழல்கள் தாழ்ந்து, நரம்புக் கருவிகள் தொட்டில் ஆட்டுவதுபோல் அசையத் தொடங்கின. இருநூறு ஆண்டுகளுக்கு முன் இதை இயற்றியவன், அரசன் அந்நேரம் உள்ளறையில் தேநீர் அருந்துவான் என்ற நம்பிக்கையில் எழுதியிருக்க வேண்டும். அவன் அறிந்திருந்தால் அந்த இடத்தில் ஒரு தாளத்தட்டையாவது வைத்திருப்பான். வேந்தன் கணக்கை வாளாக உருவினான். பதினேழாம் வாய்ப்பாட்டை மனத்துக்குள் தொடங்கினான். ஓரேழு, ஈரேழு என்று கற்ற எளிய வாய்ப்பாடுகள் தானே வாயில் ஓடிவிடும். பதினேழு அப்படியன்று, ஒவ்வொரு படியிலும் நின்று வழி கேட்கும். நான்கு பதினேழு அறுபத்தெட்டு. ஐந்து பதினேழு எண்பத்தைந்து. எட்டு பதினேழு நூற்று முப்பத்தாறா, நூற்று நாற்பத்தாறா என்ற இடத்தில் வழக்கு எழுந்தது. வழக்கைத் தீர்த்து வைக்கப் பல் மருத்துவர் வந்தார். அவர் ஏன் வந்தார் என்று வேந்தன் கேட்டான். பன்னிரண்டாம் மாடிக்குக் குழாய் பார்க்க வந்ததாகச் சொன்னார். அவர் கையில் பாத்திர மூடி இருந்தது.

இது கனவு என்று அவன் அறிந்த கணத்தில் அவன் தாடை ஏற்கெனவே அரை விரல் திறந்திருந்தது.

கோட்டை விழுந்ததென்றே கொள்ளத்தக்க அந்த நேரத்தில், துக்கம் தாளாதவளாய் அரசி அவன் மார்பின்மேல் விழுந்தாள். அது ஒத்திகையில் இல்லாதது. அவள் காது அவன் நெஞ்சின்மேல் இருந்தது. பதினாறு ஆண்டு அந்த நெஞ்சுக்குப் பக்கத்தில் படுத்தவளுக்கு, மூச்சு நீளத் தொடங்கினால் அடுத்தது என்ன என்று தெரியும். சால்வையின் மறைவில், விலாவின் கொழுத்த இடம் ஒன்றைத் தேர்ந்து, இரு விரலால் பற்றி, ஒரு முழுத் திருகு திருகினாள். வேந்தன் விண்மீன்களைக் கண்டான். அரங்கமோ, அவள் தோள் குலுங்கியதைக் கண்டு மூக்கை உறிஞ்சியது. மூன்றாவது வரிசையில் நிர்வாகியம்மா கைப்பையை மடியிலிருந்து தரையில் இறக்கி வைத்தார்.

பதினான்காம் நிமிடம். பதினாறு. பதினெட்டு. வேந்தன் இடக்கால் பெருவிரலைச் சப்பாத்தின் சுவரில் மோதினான், நாக்கைக் கடித்தான், திருகு விழுந்த இடத்தின் எரிச்சலை, குளிர்காலத்தில் தணலைக் காப்பவன்போல், அணையவிடாமல் காத்தான். துயில் மேலும் மேலும் படையனுப்பியது. மதிய உணவின் யானைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அமர்ந்தன. இரண்டாம் தட்டு அவற்றுள் கடைசி யானை. அது வேந்தன் மார்பிலேயே ஏறியது.

பத்தொன்பதாம் நிமிடத்தில் யானைகள் தாமே விலகின. காரணம் சப்பாத்து அன்று, திருகும் அன்று. பாட்டு உச்ச சுரத்தை நோக்கிப் படியேறத் தொடங்கியிருந்தது. வேந்தனுக்கு வியர்த்தது. அவள் முதற்படியில் கால் வைத்தாள். இரண்டாம் படி. சமையலறை வாசலில் அவள் உட்கார்ந்த கோலம் அவன் மூடிய இமைக்குள் வந்து நின்றது. ஒன்று விட்டு ஒன்று வரும் என்றால், இது எத்தனையாவது? இரட்டைப்படையா, ஒற்றைப்படையா? பதினேழாம் வாய்ப்பாடு தெரிந்தவனுக்கு அந்தக் கணக்குப் பிடிபடவில்லை. உலகத்தில் அந்த நேரத்தில் அவனளவு விழித்திருந்தவர் எவரும் இலர்.

அவள் பாடினாள். சுரம் எழுந்தது, நின்றது, உடையவில்லை. கோலேந்தி நின்ற இசைத்தலைவர் தம் கோலைத் தாழ்த்த மறந்து, அது தீருமட்டும் தீரட்டும் என்று தூக்கியபடியே நின்றார். பின்பு அது தானாகவே, இறகு இறங்குவதுபோல் இறங்கி அடங்கியது.

இனி நான்கே அடி. அதற்கு முன் இருபது நொடி மௌனம்.

பாடுபட்டுக் கோட்டையைக் காத்த வீரர், வெற்றி முரசு கேட்டதும் கதவைச் சாத்தாமல் களிப்பில் கிடந்துறங்க, அந்த ஒரு நாழிகையில் பகை உள்ளே புகுந்த கதைகள் பல உண்டு. அச்சம் என்ற ஒற்றைக் காவலன்தான் இவ்வளவு நேரம் வேந்தனின் விழிப்பைத் தூக்கிப் பிடித்திருந்தான். சுரம் உடையாமல் இறங்கியதைப் பார்த்ததும் அந்தக் காவலன் வேலைச் சாத்திவைத்துவிட்டு வீட்டுக்குப் போனான். வேந்தன் நெஞ்சு நிறைந்தது. தோள் தளர்ந்தது. அப்பாடா என்று ஒரு சொல் அவனுக்குள் தோன்றியது. அதன் கடைசி எழுத்தை அவன் அறியான்.

மௌனத்தின் ஆறாம் நொடியில், நானூறு பேரும் தம்மைத் தாமே பார்த்துக்கொண்டிருக்கையில், முதலில் சிறு சீழ்க்கை ஒன்று கேட்டது. ஒன்பதாம் நொடியில் ஒன்றும் இல்லை. பத்தாம் நொடியில், கருமேகம் மலைமுகட்டை முட்ட மலை தன் அடிவயிற்றிலிருந்து பதில் சொன்னாற்போலவும், மரக்கிடங்கின் வாள் ஈரக்கட்டையில் சிக்கி இழுபட்டாற்போலவும், இருபத்தோராண்டு இசைப்பயிற்சியின் முழுக் கனத்தோடும் அது வந்தது. பெருநரம்புக் கருவிக்காரர் தம் கருவிதான் தானாக ஒலித்துவிட்டதோ என்று நரம்புகளை இரு கையாலும் பொத்தினார். விளக்கறையில் இயக்குநன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அரசி அப்போது சோஃபாவின் அருகில் மண்டியிட்டு, கண்மூடி, உச்ச சுரத்தைக் கடந்துவந்த களைப்பில் இருந்தாள். விடிகாலை நான்கு மணியிலிருந்து அவளும் விழித்திருந்தவள்தானே. அந்த ஒலி அவள் செவியில் விழுந்தது. பதினாறு ஆண்டுகளாக அந்த ஒலிக்கு அவளிடம் ஒரே விடைதான் உண்டு. அதைக் கொடுக்க அவள் விழிப்பதுகூட இல்லை. கை தானே நீளும், தோளைத் தள்ளும், வாய் தானே சொல்லும். நீண்டது. தள்ளியது. அடிமூச்சில் பாடினாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி கட்டப்பட்ட அந்த அரங்கத்தில், தீவரசி தெளிவாகச் சொன்னாள்:

"திரும்பிப் படுங்க."

பிணம் திரும்பிப் படுத்தது. பதினாறு ஆண்டுகளாகத் தட்டாத சொல் அது. முகத்தைச் சோஃபாவின் முதுகுப்பக்கம் வைத்து, முழங்காலை மடக்கி, அவள் சால்வையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பெருமூச்சொன்று விட்டது.

ஐந்தாம் வரிசையில் யாரோ ஒருவர் அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அது இருபக்கமும் பரவியது, மாடத்துக்கு ஏறியது, நானூறு பேரும் சிரித்தார்கள். அரசி கண் விழித்தாள். தான் சொன்னது என்ன, சொன்னது எங்கே என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. கழுத்திலிருந்து நெற்றிவரை சிவந்தாள். நிர்வாகியம்மாவின் கை கைப்பையை நோக்கிக் குனிவது மேடையிலிருந்தே தெரிந்தது.

நான்கு அடி மிச்சம் இருந்தன. இயக்குநன் வகுத்தபடி, அவள் எழுந்து பால்கனிக்கு ஓடி, கைப்பிடியில் ஏறி நின்று, பெருங்குரலில் கடலை அழைக்க வேண்டும். அவள் எழுந்தாள். பால்கனியைப் பார்த்தாள். திரும்பி, சால்வை நழுவிய அந்தத் தோளைப் பார்த்தாள். ஓடவில்லை. சோஃபாவின் விளிம்பில் உட்கார்ந்தாள், சால்வையைச் சரிசெய்தாள், அந்த நான்கு அடிகளையும், பக்கத்தில் ஒருவர் உறங்கும்போது எவ்வளவு குரலில் பாடலாமோ அவ்வளவில், தாழ்த்திப் பாடினாள். இசைத்தலைவர் ஒரு கணம் தயங்கினார். கோலைப் பாதியாக்கி, பிறகு காலாக்கி, குழுவையே அவள் மூச்சுக்குப் பின்னால் நடக்கவிட்டார். சிரித்த வாய்கள் ஒவ்வொன்றாக மூடின. இரண்டாம் அடியில் ஒரு வரிசை அடங்கியது. மூன்றாம் அடியில் மாடம். இருநூறு ஆண்டுகளாக இந்த அரசி அழுதது ஒரு மன்னனுக்காக என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். பக்கத்தில் படுத்திருந்த ஆளுக்காக என்று யாரும் யோசித்ததில்லை. கடைசி அடி முடிந்ததும் அவள் சோஃபாவின் அருகிலிருந்த விளக்கைத் தானே அணைத்தாள்.

வேந்தன் கைதட்டலில் விழித்தான். திரை விழுந்திருந்தது.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு."

"தூங்கிட்டேனா?"

"தூங்கிட்டீங்க."

"சத்தம் போட்டேனா?"

"போட்டீங்க."

அவன் எழுந்து உட்கார்ந்தான். "மேல் சுரத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடிதான்."

"அப்ப சரி. அதை முழுசாக் கேட்டேன்," என்றான். "உடையவே இல்ல."

அவள் அவன் இடக்காலைத் தூக்கி மடியில் வைத்து, சப்பாத்தின் முடிச்சை அவிழ்த்தாள். முதல் முடிச்சு எளிதாக வந்தது. இரண்டாவதற்குப் பல்லை உபயோகிக்க வேண்டியிருந்தது.

நிர்வாகியம்மா வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார். "மிச்ச ஆறும் நீங்கதான் பாடுறீங்க," என்றார் அரசியிடம். "கடைசியை இன்னிக்குப் பாடின மாதிரியே பாடுங்க." பிறகு வேந்தன் பக்கம் திரும்பி, அவனைத் தலையிலிருந்து சப்பாத்து இல்லாத கால்வரை ஒருமுறை பார்த்தார்.

"புரியுதும்மா," என்றான் வேந்தன்.

பின்னால் நின்ற இயக்குநன் கைகளை விரித்தான். "உடல் இல்லாத மேடை பொய்யின் மேடை. இன்றைய பார்வையாளர்..."

"அவரு கதவுக்கு வெளியில சாகட்டும் தம்பி," என்றார் நிர்வாகியம்மா. "சோஃபாவுல அவரு கோட்டு ஒண்ணை மட்டும் போட்டு வைங்க. அது சத்தம் போடாது."

இவ்வாறாக, பகலில் பொருது பத்தொன்பது நிமிடம் வென்று ஒரு பெருமூச்சில் தோற்றவனும், தோற்றும் தன் துணைவிக்கு முடிசூட்டக் கண்டவனும், யானைகள் பல மார்பில் ஏறியும் மாதரசியின் உச்ச சுரத்தை ஒரு துளியும் சிந்தாமல் செவியில் ஏந்தியவனுமாகிய அந்த அடிக்குரல் வேந்தன், தன் முப்பதாம் மரணத்தைக் கதவுக்கு அப்பால் வைத்துக்கொள்ள இசைந்தான்.

இப்போதெல்லாம் அவர் செத்ததும் வேஷத்தைக் கலைத்துவிட்டு, நாலு மணி பஸ்ஸில் வீட்டுக்குப் போய்ச் சமையலை ஆரம்பிக்கிறார்.